வில்லா, மடாலய அகழாய்வு

ரோமானியரின் பண்ணை மாளிகைகளையும் (வில்லா) இடைக்காலக் கிறித்தவத் துறவிகளின் மடாலயங்களையும் அகழ்ந்து ஆராயும் தொல்லியல் பிரிவு. காலத்தால் விலகியிருந்தாலும் இவை இரண்டும் இயல்பில் நெருங்கியவை. நிலபுலங்களை நம்பி வாழ்ந்த குடியிருப்புகள் இவை. களஞ்சியம், பட்டறை, சமையற்கட்டு, வேலையாட்கள் என ஓர் ஊருக்கு வேண்டியதெல்லாம் இவற்றின் எல்லைக்குள்ளேயே இருந்தது. ஒரே மண்ணில் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்ததும் உண்டு. இத்தாலியின் சுபியாக்கோவில் நீரோ மன்னனின் மாளிகை இடிபாடுகளுக்கிடையில்தான் 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) தம் தொடக்ககால மடங்களில் ஒன்றை நிறுவினார்.

இத்துறையின் வரலாறு புதையல் வேட்டையில் தொடங்குகிறது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ஹெர்குலேனியம் அருகே, 1750இல் கிணறு தோண்டியவர்கள் ஒரு மாளிகையின் பளிங்குத் தரையில் முட்டினார்கள். இறுகிப் பாறையான எரிமலைப் படிவைக் குடைந்து, சுரங்க வழியாகச் சிலைகளை வெளியே எடுத்து நேபிள்ஸ் அரசரிடம் சேர்த்தார்கள். வேலையை மேற்பார்த்த சுவிட்சர்லாந்துப் பொறியாளர் கார்ல் வெபர், விளக்கொளியில் அறை அறையாக அளந்து வரைபடம் எழுதினார். அந்த மாளிகையைப் பற்றி நாம் அறிந்ததில் பெரும்பகுதி இன்றும் அவர் கையெழுத்தில்தான் நிற்கிறது. 1752 முதல் அங்கே கருகிய பாப்பிரஸ் சுருள்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. முதலில் கிடைத்தவற்றைக் கரிக்கட்டை என்று நினைத்துத் தூக்கி எறிந்திருக்கிறார்கள். எதைக் குப்பை என்று ஒதுக்குவது என்ற கேள்வி அன்று முதல் இத்துறையை விட்டு அகலவில்லை.

இங்கிலாந்தில் 1811இல் சஸ்ஸெக்ஸ் பகுதியின் பிக்னர் என்ற இடத்தில் ஜார்ஜ் டப்பர் என்ற விவசாயியின் ஏர் ஒரு கல்லில் இடித்தது. கீழே வண்ணக் கற்கள் பதித்த மொசைக் தரை இருந்தது. சாமுவேல் லைசன்ஸ் அதை அகழ்ந்து அழகிய படங்களுடன் வெளியிட்டார். 1864இல் குளோஸ்டர்ஷயரின் செட்வொர்த்தில் இன்னொரு பெரிய வில்லா வெளிப்பட்டது. தரை அழகு கண்ணுக்குத் தெரியும்வரை மண்ணை வாரிக் கொட்டுவதே அன்றைய வழக்கம். அந்த மண்ணில் இருந்தது என்னவென்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மடாலயங்களின் கதை இதைவிட வருத்தம் தருவது. மன்னர் 8ஆம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் இங்கிலாந்தின் மடங்களைக் கலைத்தார். கூரையின் ஈயத்தை உருக்கினார்கள், கல்லை விற்றார்கள். எஞ்சியவற்றை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் செயின்ட் ஜான் ஹோப் போன்றவர்கள் ஆராய்ந்தார்கள். சுவர் போகும் வழியிலேயே குழி வெட்டிக்கொண்டு போவது அவர்கள் முறை. கட்டடத் திட்டம் துல்லியமாகக் கிடைத்தது, உண்மைதான். ஆனால் சுவர் எப்போது எழுந்தது என்பதைச் சொல்லும் சாட்சி, சுவரை ஒட்டிக் கிடக்கும் மண்ணடுக்கு. அதைத்தான் முதலில் வெட்டி எறிந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் யார்க்ஷயரின் ரீவோ மடாலயத்தில் அரசுத் துறையே இடிபாட்டு மண்ணை அகற்றிப் புல்வெளி அமைத்தது. இன்று அங்கு போகிறவர்களின் கண்ணுக்கு அது குளிர்ச்சியாக இருக்கிறது. ஆய்வாளருக்கோ அது துடைத்து வைத்த பலகை.

மாற்றம் பிட்-ரிவர்ஸ் என்ற படைத்தளபதியிடமிருந்து வந்தது. 1880களில் தம் கிரான்போர்ன் சேஸ் பண்ணையில் ரோமானியர் காலச் சிற்றூர்களை அகழ்ந்த அவர், உடைந்த பானை ஓட்டையும் விடாமல் குறித்து வைத்தார். அவர் வழியைச் செம்மைப்படுத்திய மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும் 1930 முதல் வெருலேமியம் என்ற ரோமானிய நகரில் அடுக்கடுக்காக மண்ணைப் படித்தார்கள். அந்த முறை தமிழ் வாசகருக்கு அந்நியமானதல்ல. 1945இல் வீலர் புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் அகழ்ந்தபோது, காலம் ஏற்கெனவே தெரிந்த இத்தாலிய அரெட்டைன் மட்கலத் துண்டுகள் எந்த அடுக்கில் கிடந்தன என்பதை வைத்தே உள்ளூர்ப் பானை வகைகளுக்குக் காலம் கணித்தார்.

மண்ணை மதித்ததன் பலன் விரைவிலேயே தெரிந்தது. கென்ட் மாவட்டத்தின் லல்லிங்ஸ்டோன் வில்லாவில் 1949இல் தொடங்கிய அகழாய்வில், ஒரு நிலவறைக்குள் மேல்தளத்துச் சுவர்ப்பூச்சு நொறுங்கி விழுந்து கிடந்தது. முந்தைய தலைமுறை அதைக் காரை என்று கொட்டியிருக்கும். இம்முறை துண்டு துண்டாகப் பொறுக்கி இணைத்தார்கள். கைவிரித்து வேண்டும் மனிதர்களின் ஓவியமும் கிறிஸ்துவின் பெயர்க்குறியும் உருப்பெற்றன. 4ஆம் நூற்றாண்டில் அந்த வீட்டின் மேலறை ஒரு ஜெபக்கூடம். அதன் நேர்கீழே, நிலவறைச் சுவரின் மாடத்தில், பழைய சமயத்தின் நீர்த்தேவதைகள் தீட்டப்பட்டிருந்தன.

1960இல் குடிநீர்க் குழாய் பதிக்கும்போது சஸ்ஸெக்ஸில் தட்டுப்பட்ட ஃபிஷ்போர்ன் ரோமானிய மாளிகையில் தொல்லியலாளர் பேரி கன்லிஃப் கண்டது இன்னும் நுட்பமானது. சரளை நிலத்தின் நடுவே வளமான கருமண் கோடுகள் வளைந்து ஓடின. வேலிச்செடிக்காக ரோமானியத் தோட்டக்காரர்கள் சிறு வாய்க்காலாக வெட்டி நல்ல மண் நிரப்பிய இடங்கள் அவை. அதே கோட்டின்மேல் செடி நட்டுப் பழைய தோட்டத்தை மீண்டும் உருவாக்கினார்கள்.

மடாலய ஆய்வில் இதே திருப்பம் 1971இல் செஷயரின் நார்ட்டன் மடத்தில் நிகழ்ந்தது. பாட்ரிக் கிரீன் தலைமையில் பத்தாண்டுக்கும் மேல் நடந்த அப்பணி, தேவாலயத்தோடு நிற்காமல் தரைக்கான ஓடுகளைச் சுட்ட சூளையையும் மணி வார்த்த குழியையும் கல்லறைகளின் எலும்புகளையும் ஆராய்ந்தது. இத்தாலியின் சான் வின்சென்சோ அல் வொல்தூர்னோவில் 1980 முதல் ரிச்சர்ட் ஹாட்ஜஸ் அகழ்ந்த மடம், பிற்கால ரோமானியக் குடியிருப்பு ஒன்றின் இடத்தில் எழுந்தது. 881இல் அரபுப் படை அதை எரித்ததாக மடத்தின் வரலாற்று நூல் கூறுகிறது; எரிந்த பட்டறைகளில் அம்புமுனைகள் கிடைத்தன.

செட்வொர்த்துக்கு ஆய்வாளர்கள் 2017இல் திரும்பினார்கள். ஓர் அறையின் தடுப்புச் சுவருக்கான அடித்தளக் குழியில் கரித்துண்டும் எலும்பும் அகப்பட்டன. ரேடியோ கார்பன் சோதனையில், கி.பி. 424க்கு முன் அந்தச் சுவர் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்தது. அந்தச் சுவரையொட்டிப் பதித்த மொசைக் தரையும் அதற்குப் பிந்தியதுதான். ரோமானிய ஆட்சி பிரிட்டனைக் கைவிட்டு பல ஆண்டுகள் கழிந்தபின்னும் அங்கே ஒருவர் தம் வீட்டுக்குப் புதுத்தரை போட்டிருக்கிறார்.