ஆட்டிசம் உள்ள இளைஞர்களின் வேலைவாய்ப்பு

ஆட்டிசம் உள்ள இளைஞர்கள் படிப்பை முடித்துச் சம்பள வேலையில் சேர்வதும் அதில் நிலைப்பதும் வசதியான நாடுகளில்கூட அரிதாகவே நடக்கின்றன. பிரிட்டனில் 2024 பிப்ரவரியில் வெளியான பக்லண்ட் அறிக்கையின்படி, வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிசம் உள்ளவர்களில் 10 பேருக்குச் சுமார் 3 பேரே வேலையில் இருந்தனர். மாற்றுத்திறனாளிகள் அனைவரையும் சேர்த்து எடுத்தால் அது 5 பேர். இந்தியாவில் பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளி என்று பல ஆண்டுகள் அலையும் குடும்பங்களுக்கு, பிள்ளைக்கு 18 வயதானபின் அடுத்து எங்கே போவது என்று வழிகாட்ட ஆள் கிடைப்பதில்லை.

பெரும்பாலோர் இடறுவது வேலையிலன்று, நேர்முகத் தேர்வில். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் எதைச் சொல்வது என்று பிடிபடாமல், ஒருவர் பிறந்த ஊரிலிருந்து தொடங்குவார். இன்னொருவர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். முகம் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்றும், தம் குறையைக் கேட்டவுடன் உள்ளபடி சொல்பவர் விவரம் தெரியாதவர் என்றும் எதிரே இருப்பவர்கள் முடிவுகட்டிவிடுகிறார்கள். சரக்கு இருப்பைச் சரிபார்க்கவோ கோப்புகளை ஸ்கேன் செய்யவோ இந்தப் பேச்சுச் சாமர்த்தியம் தேவையே இல்லை. புரிந்துகொள்ளத் தவறுவது இரு தரப்பிலும் நடக்கிறது என்று, தாமும் ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் எடுத்துக்காட்டினார். கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது ஒரு தீர்வு. சில நாள் வேலையையே செய்யவிட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது. அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், தொழுவ வடிவமைப்பு வேலைகளைப் பெற்றது தம் வரைபடங்களைக் காட்டித்தான்.

ஆட்டிசம் என்றாலே கணினியில் புலி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டென்மார்க்கில் தோர்கில் சோன், தம் மகனுக்கு ஆட்டிசம் இருப்பது தெரிந்தபின் 2004-இல் தொடங்கிய ஸ்பெஷலிஸ்தெர்னே நிறுவனம் மென்பொருள் சோதனையில் இத்தகையவர்களை அமர்த்தியது. ஜெர்மனியின் எஸ்ஏபி நிறுவனம் 2013-இல் அறிவித்த இதே போன்ற திட்டத்தின் தொடக்க முயற்சிகளில் பெங்களூருக் கிளையும் ஒன்று. இவை நல்ல முன்மாதிரிகள்தாம். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கே பொருந்துபவை. பேக்கரி, நாற்றங்கால், நூலகம், துணிக்கடைக் கிடங்கு, அச்சகம் என்று மற்றவர்களுக்குப் பொருந்தும் இடங்கள் பல. ஆர்வத்தை மட்டும் பார்த்து வேலையைத் தேர்ந்தாலும் பிழையாகும். எல்லாப் பேருந்துத் தடங்களையும் மனப்பாடமாகச் சொல்லும் இளைஞருக்கு நெரிசலும் சில்லறைத் தகராறும் நிறைந்த நடத்துநர் வேலை ஒத்துவராது. கால அட்டவணை தயாரிக்கும் மேசை ஒத்துவரலாம்.

சேர்ந்தபின் வேலையை விட்டு ஓட வைப்பவை பல நேரங்களில் சின்ன விஷயங்களே. மினுக்கும் டியூப் லைட், கேன்டீன் இரைச்சல், சொல்லாமல் மாற்றப்பட்ட இருக்கை, ஆயுத பூஜையன்று திடீரென அலறும் ஒலிபெருக்கி ஆகியவை புலன் கூர்மை மிகுந்தவரை நிலைகுலைய வைக்கும். ‘நேரம் கிடைக்கும்போது இதைக் கொஞ்சம் பாருங்கள்’ என்ற மேலாளரின் பேச்சில் ஓர் உத்தரவு ஒளிந்திருப்பது இத்தகைய ஊழியருக்குத் தெரியாமல் போகலாம். ‘இந்த 40 பில்களையும் 4 மணிக்குள் பதிவு செய்யுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்திருக்கும். செலவில்லாத ஏற்பாடு இது. மற்ற ஊழியர்களுக்கும் உதவும்.

கூடுதல் துணை தேவைப்படுவோருக்காக, ‘முதலில் வேலை, பிறகு அங்கேயே பயிற்சி’ என்ற முறை 1980-களில் அமெரிக்காவில் வளர்ந்தது. பணிப் பயிற்றுநர் ஒருவர் வேலையிடத்துக்கே உடன் சென்று, வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டி, மெல்ல விலகிக்கொள்கிறார். இதற்கு மாறானது, மெழுகுவத்தியும் காகிதப் பையும் செய்யும் தனிப் பணிமனை. அது பாதுகாப்பானது, ஆனால் ஊக்கத்தொகையோடு நின்று, வெளி வேலைக்கு வாசல் திறக்காமல் போவதும் உண்டு.

1995-ஆம் ஆண்டின் இந்திய ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதைச் சேர்த்து, அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீடு தந்தது. அதில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லாவற்றுக்கும் சேர்த்தே 1 சதவீதம். இதைப் பெற 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். ஆட்டிசத்துக்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள். மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்றே கணக்கு. நன்றாகப் பேசும் பட்டதாரி ஒருவர் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டால், ஒதுக்கீடும் கிடைக்காது, நேர்முகத் தேர்விலும் தேறமாட்டார். தனியார் துறையில் ஒதுக்கீடு இல்லை என்றாலும், 20 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள் விரிவான சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. விண்ணப்பிக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் படித்தால், ஆட்டிசம் இருப்பதை அங்கே வெளியில் சொல்லலாமா என்று ஓரளவு கணிக்க முடியும்.