சின்னம் சூட்டுவதற்கு முன்: மாணவத் தலைவர் பதவி வந்த வழி



அடுத்த மாதம் எங்கள் பாடசாலையில் மாணவத் தலைவர்களுக்குச் சின்னம் சூட்டும் நிகழ்வு. பெயர்ப் பட்டியல் இன்னும் ஒட்டப்படவில்லை. அதற்குள் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை எழுதினால் ஒரு வகுப்பு இடாப்பு நிரம்பும். "சேர், மகன்ட பேர் இருக்கா?" "போன வருஷம் மூத்தவளுக்கும் கொடுக்கல்ல, இந்த முறையாவது பாருங்க சேர்." பட்டியல் என் கையில் இல்லை. அதை அதிபரும் ஒழுக்காற்றுக் குழுவும் பார்த்துக்கொள்வார்கள். என் கையில் இருப்பது வரலாற்றுப் பாடம் மட்டும்தான். ஆகவே கேட்ட எல்லோருக்கும் ஒரே பதிலாக, இந்தப் பதவி எங்கிருந்து வந்தது என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது பாதிதான் சரி.

1787 இல் அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் இந்தியாவுக்கு வந்தார். 1789 இல் சென்னை எழும்பூரில் தொடங்கிய ஆண்பிள்ளைகளுக்கான இராணுவ அநாதை இல்லத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கிருந்தவர்கள் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள். பலருடைய தாய்மார் இந்தியப் பெண்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் கற்பித்த விதம் பெல்லுக்குத் திருப்தியாக இல்லை.

ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது, வழியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைக் கண்டார். அந்தக் காலத்து ஐரோப்பியர் தமிழரையும் மலபார் என்றே எழுதினார்கள். நமது திண்ணைப் பள்ளிக்கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மணலைப் பரப்பி, அதில் விரலால் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். தாளும் இல்லை, மையும் இல்லை, செலவும் இல்லை. பெல் திரும்பிப் போய், அரிச்சுவடி வகுப்பை இப்படி நடத்துங்கள் என்று தன் ஆசிரியரிடம் சொன்னார். அது நடக்காத காரியம் என்றார் ஆசிரியர். (இந்தப் பதிலைப் பாடசாலை ஓய்வறைகளில் இன்றும் கேட்கலாம். நானும் சொல்லியிருக்கிறேன்.) பெல் வாதாடவில்லை. ஜோன் ஃப்ரிஸ்கின் என்ற ஒரு சிப்பாயின் மகனைக் கூப்பிட்டு அந்த வகுப்பைக் கொடுத்தார். பையனுக்கு வயது எட்டு அளவில். ஆசிரியர் முடியாது என்றதை அந்தப் பிள்ளை செய்து காட்டினான். அதன் பிறகு ஒவ்வொரு வகுப்பாக மூத்த பிள்ளைகளின் கைக்குப் போனது. 1797 இல் பெல் இதை இலண்டனில் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் பெற்றது.

மணலில் எழுதும் வழக்கத்தை நம்மவரிடம் எடுத்ததாக பெல் ஒப்புக்கொண்டார். பிள்ளைக்குப் பிள்ளை கற்பிப்பது தன்னுடைய கண்டுபிடிப்பு என்றார். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவர் இருந்தார். மூத்த மாணவர், வாத்தியார் இல்லாத நேரம் வகுப்பை நடத்துவதும் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் அவர் வேலை. அந்தச் சொல்லே போதும் என்று நினைக்கிறேன். போதாதவர்களுக்கு இரண்டு சாட்சிகள்.

1623 இல் பியெத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி கன்னட நாட்டில் ஒரு கோயில் முன்மண்டபத்தில் நான்கு சிறுவர்களைக் கண்டார். ஆசிரியர் யாரும் இல்லை. ஒருவன் கணக்குப் பாடத்தை இராகமாகச் சொல்லித் தரையில் பரப்பிய மணலில் எழுதுகிறான்; மற்ற மூவரும் அப்படியே சொல்லி எழுதுகிறார்கள். பாடம் மறந்தால் யார் திருத்துவார் என்று பயணி கேட்டார். நான்கு பேருக்கும் ஒரே இடம் ஒரே நேரத்தில் மறக்காதே என்றார்களாம். அடுத்தது, 1823 இல் பெல்லாரி கலெக்டராக இருந்த கெம்பல் சென்னை அரசாங்கத்துக்கு எழுதிய அறிக்கை. முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பித்து, அதனால் தமது அறிவையும் உறுதிப்படுத்திக்கொள்வதை அவர் வியந்து எழுதியிருக்கிறார். இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்பது அவருடைய கருத்து.

நமது பக்கமும் இது புதிதில்லை. பக்தாதின் நிழாமிய்யா போன்ற பழைய மத்ரஸாக்களில் 'முஈத்' என்றொரு பதவி இருந்தது. மீளச் சொல்பவர் என்று பொருள். ஆசிரியர் பாடம் முடித்துப் போன பிறகு, அதைச் சக மாணவர்களுக்குத் திரும்ப விளக்குவது அவர் பொறுப்பு. அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. பலகையில் எழுதி ஓதிய காலத்து மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். லெப்பை ஒருவர், பிள்ளைகளோ பல பேர். 'அலிஃப் பே' பிள்ளைக்குப் பாடம் கேட்டது அநேகமாக யாஸீன் அளவு ஓதிய இன்னொரு பிள்ளையாகத்தான் இருக்கும்.

ஆக, தொடக்கத்தில் இந்தப் பதவியின் வேலை ஒன்றுதான். காலையில் படித்ததை மாலையில் இன்னொரு பிள்ளைக்குக் கொடுப்பது. பாடசாலைக்குத் திருப்பிக் கொடுப்பது என்று இன்று மேடைகளில் பேசுகிறோமே, அதற்கு அன்றைய பிள்ளை பழைய மாணவராகும் வரை காத்திருக்கவில்லை.

பிறகு எங்கே மாறியது?

பெல்லின் நூல் வந்த மறு ஆண்டு, 1798 இல், ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞர் இலண்டன் சவுத்வார்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். அவரும் மூத்த பிள்ளைகளை வைத்தே கற்பித்தார். கூட்டம் கூடிக்கூடி நூற்றுக்கணக்கில் ஆனது. அத்தனை பேரை ஓர் ஆசிரியர் வைத்துக்கொண்டால் ஒழுங்கே பெரும் வேலையாகிவிடும். வரவு எடுக்க ஒரு மாணவன், வரிசை பார்க்க ஒருவன், பலகையும் புத்தகமும் பொறுப்பெடுக்க ஒருவன் என்று பதவிகள் பெருகின. அவர்கள் கழுத்தில் தோலால் செய்து பொன்னெழுத்தில் 'முதலாம் வகுப்புத் தலைவர்' என்று பொறித்த அட்டை தொங்கியது. நாம் சூட்டப்போகும் சின்னத்தின் மூதாதை அதுதான். பிரம்படியை லங்காஸ்டர் விரும்பவில்லை. அதற்குப் பதில் அவமானத்தைக் கையில் எடுத்தார். பேசிய பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டை. இன்னும் மிஞ்சினால் கூடையில் போட்டுக் கூரையில் தொங்கவிடுவது. சில தசாப்தங்களில் இந்த முறை மங்கியது. அரைகுறையாகப் படித்த பிள்ளை அரைகுறையாகத்தான் சொல்லிக்கொடுக்கும், மனப்பாடம் மட்டும் மிஞ்சும் என்ற குறை நியாயமானது. பயிற்றப்பட்ட ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கை அதிலிருந்துதான் வலுத்தது. என்னைப் போன்றவர்கள் கல்வியியற் கல்லூரிக்குப் போனதற்கும் அந்தக் குறைக்கும் தொடர்பு இருக்கிறது.

கற்பிக்கும் வேலை ஆசிரியரிடம் திரும்பியது. தலைவர் பதவி வேறு வடிவில் தங்கியது. 1828 முதல் 1842 வரை ரக்பி பள்ளி அதிபராக இருந்த தோமஸ் ஆர்னல்ட், மேல் வகுப்பு மாணவர்களுக்குக் கீழ் வகுப்புகளை அடக்கியாளும் அதிகாரம் கொடுத்தார். அடிக்கும் அதிகாரமும் அதில் இருந்தது. அவர் நோக்கம் அவர்களைப் பொறுப்புள்ள மனிதர்களாக்குவது, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே படித்தவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், நாளைக்கு ஆளப்போகிறவர்கள். அந்த அச்சுத்தான் இலங்கையின் ஆங்கிலப் பாடசாலைகளுக்கு வந்தது. இல்ல விளையாட்டுப் போட்டி, சிரேஷ்ட மாணவத் தலைவர், கழுத்துப்பட்டி எல்லாம் அதோடு வந்தவை. அவற்றைப் பார்த்து நமது பாடசாலைகளும் எடுத்துக்கொண்டன. திண்ணையிலிருந்து போனது வாயிற் காவலாகத் திரும்பி வந்தது.

இங்கே நமது சொந்த வரலாற்றையும் பார்க்க வேண்டும். 1892 இல் மருதானையில் ஸாஹிரா தொடங்கியபோது, அதற்கு உழைத்தவர்களில் யாரும் அதன் பழைய மாணவர் இல்லை. இருக்கவும் முடியாது. அறிஞர் சித்திலெப்பை கண்டிக்காரர், சட்டத்தரணி. வாப்பிச்சி மரைக்கார் கட்டட ஒப்பந்தக்காரர். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். தாம் பெறாததைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 1921 இல் அதிபரான ரி.பி. ஜாயா அதற்கு முன் ஆனந்தா கல்லூரியில் கற்பித்தவர். பௌத்த பாடசாலையில் பெற்ற அனுபவத்தோடு வந்து, கால் நூற்றாண்டு ஸாஹிராவை வளர்த்தார்.

அவருக்குப் பின் வந்தவரின் கதையை நான் வகுப்பில் அடிக்கடி சொல்வதுண்டு. ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். படித்தது வைத்தீஸ்வர வித்தியாலயம், பிறகு யாழ் இந்துக் கல்லூரி. 1935 இல் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942 இல் யுத்தகால உணவு நெருக்கடியில் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். வந்த வேலை நெற்செய்கை. அந்த வேலைக்கு இடையில் நமது பக்கத்துப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு, அதே ஆண்டில் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். 1945 இல் அது நாடு தழுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. இலவசக் கல்வி வந்ததும் அதே ஆண்டுதான். கட்டணம் போனாலும் ஏழைப் பிள்ளைக்கு விடுதிச் செலவும் புத்தகமும் பயணமும் மிச்சம் இருந்தன. 1948 இல் சிவில் சேவையை விட்டு ஸாஹிராவின் அதிபரானார். எந்த மேலதிகாரியும் கேட்காமல் விட்ட உத்தியோகம் அது. ஓர் இந்துக் கல்லூரி கொடுத்ததை அவர் கல்முனையிலும் மருதானையிலும் திருப்பிக் கொடுத்தார். தான் படித்த பாடசாலைக்கே கொடுக்க வேண்டும் என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால் நமக்கு ஒன்றும் வந்திராது.

பெல்லின் கடைசிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1832 இல் இறந்த அவர், தன் செல்வத்தின் பெரும்பகுதியைக் கல்விக்கு எழுதிவைத்தார். சொந்த ஊரான சென்ட் அன்ட்ரூஸில் அந்தப் பணத்தில் 1833 இல் ஒரு பள்ளி திறந்தது. அதன் பெயர் இன்றும் மெட்ராஸ் கல்லூரி. அவர் கண்ட அந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை.

இனி நமது ஊருக்கு வருகிறேன். எங்கள் மாணவத் தலைவர்கள் கெட்டிக்காரப் பிள்ளைகள். காலை ஏழு மணிக்கு வாயிலில் நின்று, பிந்தி வருபவர்களின் பெயரை எழுதுகிறார்கள். நகம் பார்க்கிறார்கள், காலணி பார்க்கிறார்கள். அதே நேரம் ஆரம்பப் பிரிவில், தரம் 3 ஐ எட்டியும் எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது விட்டதை இன்னும் பிடிக்காத தரம் 7, 8 பிள்ளைகளும் உண்டு. இரு கூட்டமும் ஒரே மதிலுக்குள்ளேதான். பெயர் எழுதப்படும் கொப்பியில் மட்டும் சந்திக்கிறார்கள்.

எனது யோசனை இது. சின்னம் சூட்டும் நாளன்று ஒவ்வொரு மாணவத் தலைவருக்கும் ஒரு சின்னப் பிள்ளையின் பெயரைக் கொடுப்போம். வாரத்தில் இரண்டு நாள், இடைவேளைக்கு முன் இருபது நிமிடம், சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கட்டும். என்ன வாசிப்பது, எங்கே திருத்துவது என்பதை ஆசிரியர்கள் நாங்கள் முன்கூட்டியே காட்டிக்கொடுப்போம். லங்காஸ்டர் பள்ளியின் குறை இங்கே வரக்கூடாது. பெண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளோடு, ஆண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளோடு. பட்டியலில் பெயர் வராத பிள்ளையும் விரும்பினால் சேரலாம். அதற்குச் சின்னம் தேவையில்லை. பழைய மாணவர் சங்கம் புதிய நுழைவாயில் வளைவுக்குச் சேர்க்கும் நிதியில் ஒரு பங்கை, பூட்டிக் கிடக்கும் பழைய மனையியல் அறைக்குப் பாயும் சிறுவர் நூல்களும் வாங்கத் தரலாம். வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வருடம் பொறுக்கலாம்.

சாதாரண தரப் பரீட்சைக்கு நிற்கும் பிள்ளையின் நேரம் வீணாகும் என்று சில பெற்றோர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். பெல்லாரிக் கலெக்டர் எழுதியதை இன்னொரு முறை வாசியுங்கள். சொல்லிக்கொடுத்த பிள்ளைக்குத்தான் பாடம் முதலில் உறுதியாகிறது. பின்னங்களை இன்னொருவருக்கு விளக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

வியாழக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். அதிபரிடம் அனுமதி கேட்டாயிற்று. எதிர்ப்பவர்களும் கட்டாயம் வாருங்கள். அப்படியானால் காலையில் வாயிலில் யார் நிற்பது என்று கேட்பீர்கள். முதல் வாரம் நான் நிற்கிறேன். மற்ற வாரங்களுக்குப் பெயர் தருபவர்கள் கீழே எழுதுங்கள்.