மலையின் நீரும் லயத்தின் விளக்கும்

இலங்கையின் மின்சார வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அணைகளின் உயரத்தையும் யந்திரங்களின் வலுவையும் பொறியியலாளரின் பெயர்களையும் நிரல்படுத்தி அமைந்துவிடுகின்றனர். அவற்றை நாமும் இங்கு சொல்லத்தான் வேண்டும். ஆயினும், ஹட்டனிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் செல்லும் பாதையில் நீர்த்தேக்கத்தையும் மின்கோபுரத்தையும் அவற்றை அடுத்துள்ள லயங்களையும் ஒருசேரக் காண்போருக்கு வேறொரு கேள்வி எழாமற் போகாது. இந்த நீர் எவருக்கு முதலில் விளக்கேற்றிற்று? எவருக்குக் கடைசியில்?

தேயிலைத் தொழிலின் தொடக்கத்தில் எரிபொருள் என்றால் காடுதான். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் சில ஆண்டுகளில் கோப்பியைக் கொன்றது. பச்சைக் கொழுந்தை வாட்டவும் அரைத்ததை உலர்த்தவும் ஓயாத வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ கொழுந்தும், ஒன்றரை முதல் இரண்டு கிலோ விறகும் செலவாகின்றன. தோட்டங்களுக்கென அழிக்கப்பட்ட மலைக்காட்டின் மரமே முதலில் அந்த அடுப்புகளுக்குள் போயிற்று. அது தீர்ந்தபின் துரைமார் யூக்கலிப்டஸ் நட்டனர். தொழிலாளிப் பெண்ணோ நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு, தன் அடுப்புக்கு விறகு தேடிச் சுள்ளிச் சுமையுடன் லயத்துக்குத் திரும்பினாள்.

விறகால் வெப்பம் கிடைத்தது. யந்திரத்தைச் சுழற்றுவதற்கு ஓடைகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொட்டுப் பல தோட்டங்களில் ஓடையை மறித்து, வாய்க்கால் வழியாக நீரை மலைச்சரிவுக்குக் கொண்டுவந்து, இரும்புக் குழாயில் இறக்கிச் சுழலியை ஓட்டினர். இங்கிலாந்தின் கெண்டல் நகரத்துக் கில்க்ஸ் கம்பெனியின் சுழலிகள் இம்மலைகளில் அவ்வாறு வந்திறங்கின. முதலில் தோல்பட்டைகள் மூலம் உருளைகளைச் சுழற்றிய அதே நீர், பின்னர் மின்பிறப்பாக்கியையும் சுழற்றிற்று. தொழிற்சாலையில் வெளிச்சம் வந்தது. துரையின் பங்களாவிலும் வந்தது. வாய்க்காலை வெட்டியவனின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் குப்பி விளக்கு அசையாமல் இருந்தது. இத்தனைக்கும் அங்கு ஒரு கம்பியை இழுப்பதற்குச் சில நூறு யார் தூரந்தான். லயத்துக்கு வெளிச்சம் தருவது எந்தக் கணக்கிலும் இலாபமாகப் பதியவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் நமக்குப் புலப்படவில்லை.

இந்த நீரைத் தனியொரு தோட்டத்தின் சொத்தாகக் காணாமல் நாட்டின் செல்வமாகக் கண்டவர் டி. ஜே. விமலசுரேந்திர. நுவரெலியா நகருக்கு ஒளிதரும் பொருட்டு நானுஓயாவை அடுத்த பிளாக்பூலில் 1912இல் எழுந்த சிறு நீர்மின் நிலையம் இவருடைய முயற்சியால் உருவானது. 1918இல் எஞ்சினியர்களின் சங்கத்தில் இவர் படித்த கட்டுரை, கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா ஆகிய களனி கங்கையின் இரு மூல ஆறுகளைக் கொண்டு நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்று வாதித்தது. வெள்ளை அதிகாரிகள் ஒரு சுதேச எஞ்சினியரின் திட்டத்தை எவ்வளவு விரைவாக ஏற்றிருப்பார்கள் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். 1920களில் தொடங்கிய வேலை இடைநடுவில் நின்றது. 1931இல் இரத்தினபுரியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றும் அவர் இதற்காகவே பேசினார். பின்னர் உலக யுத்தம் குறுக்கிட்டது. நோர்ட்டனில் தேக்கிய நீர் மலையைக் குடைந்த வழியாகச் சென்று, ஆயிரம் அடிக்கும் அதிகமான உயரத்திலிருந்து குழாயில் இறங்கி, லக்ஷபானா நிலையத்தின் 25 மெகாவாட் யந்திரங்களைச் சுழற்றியது 1950இல்தான். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதைக் கடந்திருந்தது.

1950 என்ற இந்த ஆண்டை நாம் வேறொரு கணக்கிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் வேட்பாளர் எழுவர் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் சென்றனர். தலவாக்கலைத் தொகுதியில் வென்ற சி. வி. வேலுப்பிள்ளையும் அவர்களுள் ஒருவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களைத் தெரிந்தனுப்பிய மக்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. லக்ஷபானா மின்சாரம் மலையிலிருந்து கொழும்பை நோக்கி இறங்கத் தொடங்கியபோது, அந்த மலையில் வாழ்ந்த உழைப்பாளரிற் பெரும்பாலோர் சட்டத்தின் கண்ணில் இந்நாட்டவர் அல்லர். மின்கம்பி எந்த ஊருக்குப் போகவேண்டும் என்பதைப் பாராளுமன்ற உறுப்பினரின் கோரிக்கை தீர்மானித்த நாட்டில், வாக்கில்லாதவனுக்காகக் கோரிக்கை வைப்பவர் யார்?

அடுத்த பதினைந்து ஆண்டுகளிலும் இதே இரட்டைக் கணக்குத் தொடர்ந்தது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 9,75,000 மனிதரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசிக்கொள்வது. மறு ஆண்டு, 1965இல், காசல்ரீ அணையும் 50 மெகாவாட் கொண்ட விமலசுரேந்திர நிலையமும் முடிந்தன. ஒப்பந்தம் கைச்சாத்தானபோது அமைச்சரவையில் லங்கா சமசமாஜக் கட்சியும் இருந்தது. 1948இல் பிரஜாவுரிமை மசோதாவை எதிர்த்து வாக்களித்த இடதுசாரிகளுள் முன்னணியில் நின்ற கட்சி அது. இதை இடதுசாரி எழுத்தாளர் பலர் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவர். அடிக்குறிப்புக்குரிய செய்தியாக நாம் இதைக் கருதவில்லை.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் மலைரயிலில் இறங்கி, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் கரைசேர்ந்தனர். அவர்களுட் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தனர். 1932 முதலே பைக்காரா நீர் மின்சாரம் தந்துவந்த மலை அது என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

1969இல் மவுசாகலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடைத்தெருவும் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் மூழ்கின. நகரை மேட்டில் புதிதாக அமைத்தார்கள். கடும் வரட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் இடிபாடுகள் வெளிப்படும். மக்கள் அதைப் பார்க்கச் செல்வார்கள். நாட்டில் மின்வெட்டு நெருங்குகிறது என்பதற்கும் அதுவே அடையாளமாக இருந்தது. 1996இல் மழை பொய்த்தபோது நாடு முழுவதும் நாள்தோறும் மணிக்கணக்காக இருளில் கிடந்தது. நீரை மட்டும் நம்பியிருந்த கொள்கையின் எல்லை அப்போது தெரிந்தது. பின்னர் எண்ணெய், அதன்பின் 2011 முதல் நுரைச்சோலை நிலக்கரி. தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டம் ஜப்பானியக் கடனில் 2012இல் திறக்கப்பட்டது. அதை மலையக மக்கள் நெடுங்காலம் எதிர்த்தனர். செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி இப்போது அளந்துவிடப்படும் நீரில் ஓடுகிறது. அத்திட்டத்தால் லயத்தைவிட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோன குடும்பங்களும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஓர் அணைக்காக இடம்பெயர்ந்தால்தான் ஒரு தொழிலாளிக்கு வீடு கிடைக்கும் என்பது என்ன வீடமைப்புக் கொள்கை என்றும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

லயங்களுக்கு மின்சாரம் மெல்லவே வந்தது. 1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசின் கைக்கு மாற்றியது. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளிடம் சென்றது. இந்த மாற்றங்களுக்கிடையே, 1980களிலும் 1990களிலும் கூட ஏராளமான காம்பராக்களில் பிள்ளைகள் குப்பி விளக்கிற் படித்தனர். வீடும் நிலமும் தன் பெயரில் இல்லாதவன் இணைப்புக் கேட்டால் தோட்ட நிர்வாகத்தின் இசைவுக் கடிதம் வேண்டும். வந்த மின்சாரமும் பழைய கூரையின் கீழ் ஒரே கம்பியிலிருந்து பல காம்பராக்களுக்கு இழுக்கப்பட்டது; மின்னொழுக்கால் லயன் வரிசை முழுவதும் எரிந்த செய்தியை மலையகப் பத்திரிகை வாசகர் பலமுறை படித்திருப்பர். வடக்கிலோ, யுத்தம் யாழ்ப்பாணத்தை நாட்டின் மின்வலையமைப்பிலிருந்து ஆண்டுக்கணக்கில் துண்டித்து வைத்தது.

இன்று எல்லோரும் பேசுவது கடலடி வாயுவைப் பற்றி. 2011இல் மன்னார்ப் படுகையில், ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழக் கடலில், கெய்ர்ன் கம்பெனி துளையிட்ட டொராடோ, பரகூடா என்னும் இரு கிணறுகளில் இயற்கை வாயு தென்பட்டது. 2015இல் அந்தக் கம்பெனி உரிமத்தைக் கைவிட்டுப் போயிற்று. வணிக உற்பத்தி இன்னும் தொடங்கவில்லை. 2021இல் புதிய பெற்றோலிய வளச் சட்டம் வந்தது. அந்தக் கடலின் எல்லைக்கோட்டை 1976இல் இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் செய்து வரைந்தன. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மலையக மக்களைப் பங்கிட்டுக்கொண்டவை இவ்விரு நாடுகளே. வாயு எடுக்கப்பட்டால் அரசின் பங்கு எவ்வளவு, கம்பெனியின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் அவசியமானதே. அந்த விவாதத்தில் மன்னாரின் மீனவனும் மஸ்கெலியாவின் தொழிலாளியும் எந்த இடத்தில் அமர்த்தப்படுவர் என்பதை அதே உறுதியுடன் கேட்போர் குறைவு.

2022 மார்ச் இறுதியில் அந்நியச் செலாவணி தீர்ந்த அரசு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரத்தைத் துண்டித்தது. ஆகஸ்டில் கட்டணம் சராசரி 75 சதவீதம் உயர்ந்தது. விகிதத்தில் மிக அதிகமாக ஏறியது மிகக் குறைந்த அளவு பாவிப்போரின் கட்டணம். அதே மாதத்தில் மண்ணெண்ணெயின் விலையும் லீட்டருக்கு 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. காசல்ரீயின் கரையில் கொழுந்து பறிப்பவளின் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். மூன்று லீட்டர் மண்ணெண்ணெய் 1,020 ரூபாய்.