அறிமுகக் குறிப்பில் விடுபட்ட பெயர்

இளம் பாடகி ஒருத்திக்கு மார்கழிக் கச்சேரிக்கான அறிமுகக் குறிப்பை எழுதித் தர உட்கார்ந்தேன். சபா அனுப்பிய படிவத்தில் கேள்விகள் வழக்கமானவைதான்: எந்த வயதில் பாடத் தொடங்கினார், குரு யார், என்னென்ன பட்டங்கள். கூடவே பட்டுப்புடவையில் ஒரு புகைப்படம். இரண்டாவது கேள்வியில் அவள் நின்றுவிட்டாள். "குரு பேரை விட்டுடலாமா அக்கா?" என்றாள். ஒன்பது ஆண்டுகள் கற்றுக்கொண்ட இடத்தை விட்டு அவள் ஏன் வெளியேறினாள் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டு மாடியறையைப் பற்றி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். மறுபடி கேட்கவில்லை.

ஒரு பெண் பாடுவதற்கு முன்பு தன்னை யாரென்று சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறதே, அந்த வரியை எழுதும் உரிமை யாருடையது? அன்றிலிருந்து இந்தக் கேள்வியோடு பழைய இசைத்தட்டுகளையும் விளம்பரங்களையும் பார்க்கத் தொடங்கினேன்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். பாட்டு முடியும் இடத்தில், தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்கிறார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹானோவர் நகரில். அங்கிருந்தவர்களுக்கு எந்தத் தட்டில் எந்தப் பெயரை ஒட்டுவது என்று தெரிய வேண்டும், அதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் இன்று கேட்கும்போது அது தொழில் நிமித்தமான அறிவிப்பாக மட்டும் ஒலிக்கவில்லை. தவாயிஃப் மரபில் வந்த ஒரு பெண் தன் பெயரைத் தானே, கூச்சமில்லாமல் சொல்கிறார். அவர் படம் அஞ்சலட்டைகளிலும் தீப்பெட்டிகளிலும் வந்தது. அவர் 1930இல் இறந்தது மைசூரில், அரசவைப் பாடகியாக.

அதே வங்காளத்தில், சித்தரஞ்சன் தாஸின் சகோதரி அமலா தாஸ் தாகூரின் பாடல்களைப் பாடிய தட்டுகளில் 'மிஸ் தாஸ், அமெச்சூர்' என்று மட்டும் அச்சிட்டார்கள். குடும்பப் பெண் காசுக்குப் பாடவில்லை என்பதற்கு அந்த ஒரு சொல் சான்றிதழ். அதற்கு ஈடாக அவர் கொடுத்தது தன் சொந்தப் பெயரை. ஒருத்திக்குப் பெயர் இருந்தது, 'மரியாதை' இல்லை. இன்னொருத்திக்கு மரியாதை இருந்தது, பெயர் இல்லை.

நம் பக்கத்தில் இந்தக் கணக்கு தலைப்பெழுத்தில் ஒளிந்திருக்கிறது. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம்மாள் என்று ஊரைச் சொல்லி அறியப்பட்டவர்கள் முன்தலைமுறையினர். தேவதாசி மரபுக் குடும்பங்களில் ஊரோடு தாயின் பெயரும் சேரும். எம்.எஸ். என்றால் மதுரை சண்முகவடிவு. எம்.எல்.வி.யின் 'எல்' அவர் தாய் லலிதாங்கி. தந்தை அய்யாசாமி ஐயரும் இசைக்கலைஞர்தான், ஆனாலும் தலைப்பெழுத்து தாயுடையதே. பிராமணக் குடும்பத்திலிருந்து மேடைக்கு வந்த டி.கே. பட்டம்மாளுக்கோ தாமல் என்ற ஊரும் கிருஷ்ணசாமி என்ற தந்தையும். சுவரொட்டியில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். இரண்டு எழுத்துக்குள் இரண்டு வேறு உலகங்கள்.

எம்.எஸ். சென்னைக்கு வந்து 1940இல் தியாகராஜன் சதாசிவத்தை மணந்தார். சதாசிவம் ஆனந்த விகடனில் விளம்பரப் பொறுப்பில் இருந்தவர், தொழில் தெரிந்தவர். அவர் மனைவி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்துச் சம்பாதித்த பணம், 1941இல் கல்கி பத்திரிகை தொடங்க முதலானது. 1945இல் 'மீரா'. அதன் இந்தி வடிவம் 1947இல் வந்தபோது சரோஜினி நாயுடுவே திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை அறிமுகப்படுத்தினார். அதன்பின் அவர் திரையில் நடிக்கவில்லை. பக்தை, பதிவிரதை, தர்மத்துக்காகப் பாடுகிறவர்: பத்திரிகைகளும் அட்டைப்படங்களும் பல பத்தாண்டுகள் காட்டியது இந்த ஒரு பிம்பத்தைத்தான். இரண்டு மூக்குத்தியும் காஞ்சிப் பட்டும் அதற்குச் சீருடை ஆயின. 1968இல் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்தப் பிம்பம் இல்லாமல் அன்றைய சென்னை சபைகள் அவரை அங்கே உட்கார வைத்திருக்குமா என்று கேட்டால் எனக்கு எளிய பதில் இல்லை. குரல் அவருடையது, வாசல்களைத் திறக்கும் வார்த்தைகளை வேறொருவர் எழுதினார். வீணை வாசித்த சண்முகவடிவு ஓர் எழுத்தாக மட்டும் எஞ்சினார். ஆனாலும் அந்த எழுத்து போகவில்லை. திருமணத்துக்குப் பிறகும் யாரும் அதை மாற்றவில்லை. அந்தப் பெயருக்குத்தானே கூட்டம் வந்தது.

இன்று கணவரின் இடத்தில் குரு இருக்கிறார். 'இன்னாரின் சிஷ்யை' என்ற வரி பாணியைச் சொல்கிறது, பாடாந்தரத்தைச் சொல்கிறது, வாய்ப்பையும் வாங்கித் தருகிறது. அதனாலேயே அது விலங்காகவும் ஆகிறது. பெயரை எடுத்தால் ஒன்பது ஆண்டு உழைப்புக்குச் சாட்சி இல்லை. போட்டால், தன்னைத் துன்புறுத்தியவருக்குத் தன் செலவில் விளம்பரம். 2018இல் பாலியல் புகார்கள் வெளிவந்தபின் சென்னை மியூசிக் அகாதெமி ஏழு கலைஞர்களை அந்த ஆண்டு டிசம்பர் விழாவிலிருந்து விலக்கியது. விலக்கப்பட்டவர்களைப் பற்றி நிறையப் பேசினோம். அந்தப் பெயர்களைத் தங்கள் அறிமுகக் குறிப்பில் சுமந்துகொண்டிருந்த மாணவிகளைப் பற்றி எவ்வளவு பேசினோம்?

அவளும் நானும் எழுதிய குறிப்பில் குருவின் பெயர் இல்லை. எந்த வயதில் தொடங்கினாள், ஒன்பது ஆண்டுகளில் எத்தனை வர்ணங்கள், எத்தனை கிருதிகள், எந்த ராகங்களை விரிவாகப் பாட விரும்புகிறாள் என்பதை எழுதினோம். முதலில் ஸ்வரம் சொல்லிக்கொடுத்த அம்மாவின் பெயரைச் சேர்த்தாள். சபாவிலிருந்து இருமுறை தொலைபேசி வந்தது, "குரு பேர் விட்டுப்போச்சே" என்று. "விட்டுப்போகலை சார், நானாத்தான் போடலை" என்றாள்.

அச்சான கையேட்டில் நாங்கள் எழுதிய எதுவும் இல்லை. 'பல வித்வான்களிடம் பயின்றவர்' என்று ஒரே வரி. கச்சேரி முடிந்ததும் அதை என்னிடம் நீட்டினாள். அந்த வரியைப் பேனாவால் அடித்திருந்தாள். மேலே அவள் பெயரும் அதற்கு முன்னால் அவள் அம்மாவின் எழுத்தும், அவளுடைய கையெழுத்தில்.