தக்கலைக்கு எத்தனை தட்டு?

போன தடவை ஊருக்குப் போயிருந்தப்ப, சித்தி என் லேப்டாப்பைப் பார்த்துட்டு, "தக்கலைன்னு அடி மக்களே, பாப்போம்"னாங்க. நான் வழக்கம்போல ஆங்கில எழுத்துல அடிச்சேன். டி, ஹெச், ஏ, கே, கே, ஏ, எல், ஏ, ஐ. மொத்தம் ஒன்பது தட்டு.

சித்தி சிரிச்சாங்க. "எனக்கு ஆறுதாம்."

சித்தி 1980-களில் டைப்ரைட்டிங் படிச்சு தமிழ் ஹையர் பாஸ் பண்ணினவங்க. அவங்க கணக்கு இது: த, புள்ளி, க, க, இணைக்கொம்பு, ல. கவனிங்க, புள்ளி 'க'வுக்கு முன்னாடியே வந்துடுது!

காரணம் இரும்பு. தமிழ் எழுத்து 247. தட்டச்சுப்பொறியில ஷிப்ட் சேர்த்தாலும் 90 சொச்சம் இடம்தான். யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் 1886-ல் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையா, எழுத்துகளைத் துண்டு துண்டாப் பிரிச்சு இதுக்கு வழி கண்டார். புள்ளியைத் தட்டினா உருளை நகராது. அடுத்த எழுத்து அதே இடத்துல வந்து விழும். அதனால புள்ளிதான் முதல்ல. கொம்பு காகிதத்துல இடப்பக்கம் இருக்கறதால அதுவும் மெய்க்கு முன்னாடி. விரல் மையோட வரிசையில போகணும், நாக்கோட வரிசையில இல்ல.

1956 வரைக்கும் நாம இருந்த திருவிதாங்கூர் பக்கம் வேற கதை. கேரளத்துல 1971-ல், அச்சுக்கும் தட்டச்சுக்கும் தோதா மலையாள எழுத்தையே வெட்டிச் சுருக்கினாங்க. மெஷினுக்காக எழுத்து வளைஞ்சது.

கணினியில இரும்பு இல்ல. 1999 பிப்ரவரியில சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டைத் தொடர்ந்து, அதே வருஷம் ஜூனில் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா முதல்ல வந்ததுக்குத் தானா புள்ளி விழும். 'ந'வும் 'த'வும் தட்டினா 'ந்த'. புள்ளி வேண்டாம்னா நடுவுல ஒரு 'அ'. 'மமதை' அப்படித்தான் வரும். சொல்ற வரிசையிலேயே அடிக்கலாம். தக்கலைக்கு த, க, க, ல, ஐ. அஞ்சே தட்டு!

பெருமையா சித்திகிட்ட காட்டினேன். ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தாங்க. "அஞ்சு சரிதாம் மக்களே. ஆனா என் விரலு அங்க போகமாட்டங்குதே."

அப்பதான் உறைச்சது. சித்தி வேலை பார்த்த இடத்துல கம்ப்யூட்டர் வந்தப்ப, "இது உங்களுக்கு வராதும்மா"ன்னு சொல்லி ஒதுக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல சித்தியே நின்னுட்டாங்க. அது தேவையே இல்லாத ஒதுக்கல். யூனிகோடில் 'கெ' எப்பவுமே முதல்ல க, அப்புறம் கொம்புன்னுதான் பதிவாகும். எந்த வரிசையில தட்டினாலும் நடுவுல இருக்கிற சின்ன மென்பொருள் மாத்திக் கொடுத்துடும். விசைப்பலகை ஆளுக்கு ஆள் வேற இருக்கலாம், எழுத்து ஒண்ணுதான். முத்தையா காலத்து இரும்புக்கு இது முடியாது. நம்ம கணினிக்கு முடியும்.

அன்னிக்கே லேப்டாப்புல தட்டச்சு விசைப்பலகையும் போட்டுக் கொடுத்தேன். சித்தி திரையைப் பார்த்துக்கிட்டே, விசையைப் பார்க்காம, ஒரு பக்கம் முழுசா அடிச்சாங்க. ஒரு பிழை இல்ல.