ரங்கூன் கடைக்கு ஊரில் ஒரு படி

செட்டிநாட்டு நகரத்தார் கடல் கடந்து நடத்திய வட்டிக்கடைகளின் கணக்கு இரண்டு இடங்களில் இருந்தது. மூலம் ரங்கூனிலோ பினாங்கிலோ கடைப் பெட்டியில் இருக்கும். அதன் படி காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று முதலாளியின் ஊருக்குத் தபாலில் வந்து சேரும்.

1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை அருகில் வந்தது. காடு வெட்டி வயலாக்கிய உழவருக்குக் கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு ஆராய்ந்தபோது அங்கே ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்டது. முதலாளிகளில் பலர் ஊரிலேயே இருந்தார்கள். கடையை நடத்தியவர் மேலாள், அவருக்குத் துணை அடுத்தாள், தொழில் பழக வந்த சிறுவன் பெட்டியடிப் பையன்.

மேலாளின் காலம் பொதுவாக மூன்று ஆண்டு. சம்பளச் சீட்டு எழுதி, சம்பளத்தில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கிக்கொண்டு கப்பல் ஏறுவார். காலம் முடிந்ததும் அடுத்தவர் வந்து பொறுப்பேற்பார். ஆள் மாறினாலும் கொடுக்கல் வாங்கல் நிற்கக் கூடாது. நகரத்தார் கணக்கின் கட்டுக்கோப்பு இந்தத் தேவையிலிருந்தே வந்தது என்று சொல்லலாம். புதிதாக வந்தவர் ஏட்டைத் திறந்தால் யாரிடம் எவ்வளவு நிற்கிறது, என்ன வட்டி, எந்தத் தவணை என்பதெல்லாம் எவரையும் கேட்காமலே தெரிய வேண்டும்.

அப்படிப்பட்ட ஏடு பிள்ளையார் சுழியோடு தொடங்கும். கடைக்குப் பெயர் என்பது அதன் விலாசம்தான். அதாவது முதலாளி குடும்பத்து முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள். அன்றாட வரவும் பற்றும் குறிப்பில் ஏறும். அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டுக்குப் போகும். எல்லாம் நேராக இருக்கிறதா என்பதை ஐந்தொகை காட்டும். கோயிலுக்கு ஒதுக்கும் மகமைக்கும் கணக்கு உண்டு. பழைய ஏடுகளில் தமிழ் எண்களே ஆட்சி செய்தன: பதினாறில் ஒன்று மாகாணி, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. பெயர்த்தெழுதும்போது காணியை மாகாணியாக்கிவிட்டால் ஐந்தொகை இடிக்கும். படியில் நுழைந்த பிழையைப் படியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதுதான் இந்த முறையின் அழகு.

படி மறுபடி ஓட வேண்டுமானால் தொகைகளோடு அவை இருந்த ஒழுங்கும் வர வேண்டும். கணினியின் சிஸ்டம் டிரைவைப் படியெடுப்பவர்களுக்கும் இந்தத் தேவை தெரியும். கோப்புகளை மட்டும் வேறொரு டிஸ்குக்கு மாற்றினால் தகவல் பிழைக்கும், ஆனால் அந்த டிஸ்கிலிருந்து கணினி பூட் ஆகாது. பூட் செக்டார், பார்ட்டிஷன் அட்டவணை, இயங்குதளம் எல்லாம் இருந்த ஒழுங்கிலேயே வர வேண்டும். யூனிக்ஸின் ‘டிடி’ கட்டளை 1970களிலேயே டிஸ்கை அப்படியே நகலெடுத்தது. 1990களில் நியூசிலாந்தில் பிறந்த ‘கோஸ்ட்’ மென்பொருள் அந்த வசதியைச் சாதாரண பிசிக்களுக்குக் கொண்டுவந்தது. நகரத்தார் கணக்குப் படியிலும் தொகைகளோடு ஒழுங்கும் சேர்ந்தே வந்தது. கடைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே முறையில் எழுதியதால், ஒரு கடையில் பழகியவருக்கு இன்னொரு கடையின் ஏடு அந்நியமாக இருக்கவில்லை.

1930களில் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பாமல் நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 விழுக்காடானது. 1941 டிசம்பர் 23இல் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் அராக்கான், மணிப்பூர் மலைவழிகளில் நடந்தும் வெளியேறினார்கள்.

முன்னமே ஊர் வந்து சேர்ந்திருந்த படிகள் தப்பின. ஆனால் அந்தக் கணக்கு மறுபடி ஓட வேண்டுமானால் நிலமும் கடனாளியும் நீதிமன்றமும் பர்மாவில் முன்போலவே இருந்திருக்க வேண்டும். எழுதியது எழுதியபடி கையில் இருந்தும், அதை ஏற்றி ஓட்டும் இயந்திரம் போய்விட்டது. விடுதலை பெற்ற பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. 1963இல் வங்கிகளும் அரசுடைமையாயின. அத்தோடு அந்த ஏடுகள் வரலாற்று ஆவணங்களாகிவிட்டன.

ஆவணம் என்றாலும் பாதுகாப்பு வேண்டும். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த அச்சுப் புத்தகங்கள், அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்து மைக்ரோஃபிலிமில் படியெடுக்கப்பட்டன. வீட்டுக் கணக்கேடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. பெரிய வீடுகள் கைமாறும்போதும் இடிபடும்போதும் அவை எடைக்குப் போகின்றன. பரணிலோ பூட்டிய அறையிலோ பழைய பேரேடு கிடந்தால், அதைக் கொடுப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். விலாசம் எழுதிய முதல் பக்கத்தையும் ஐந்தொகையையும் விட்டுவிடாதீர்கள். அவை இரண்டும் இருந்தால்தான் அது எந்தக் கடை, எந்த ஆண்டு, எந்த நிலையில் நின்றது என்று பின்னால் வருகிறவர் படிக்க முடியும்.