நுண்ணுயிர் எதிர்ப்பி ஆளுகை: மட்டக்களப்பு வாவிக்கரை

எந்த நோயாளிக்கு எந்த நுண்ணுயிர் எதிர்ப்பி, என்ன அளவில், எத்தனை நாள் என்பதைச் சோதனைச் சான்றோடு தீர்மானித்து, கொடுத்த பிறகும் விடாமல் கவனிக்கும் மருத்துவமனை ஏற்பாடே நுண்ணுயிர் எதிர்ப்பி ஆளுகை. வேண்டாத மருந்தை நிறுத்துவது அதன் பாதி வேலைதான். வேண்டிய மருந்தை வேண்டிய நேரத்தில் கொடுப்பது மறுபாதி. இந்த இரண்டாம் பாதி எவ்வளவு முக்கியம் என்பதை இலங்கையின் கிழக்கில், 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் கரைகளில் ஒரு நோய் காட்டுகிறது. அதன் பெயர் மெலியோயிடோசிஸ்.

வாவிக்கு மேற்கே படுவான்கரை. அங்கே கண்ணுக்கெட்டும் தூரம்வரை நெல் வட்டைகள். மாரிப்போகத்தில் முழங்கால் சேற்றில் நின்று வேலை செய்பவரின் குதிக்கால் வெடிப்பு வழியாகவோ, மண்வெட்டி பட்ட சிறு காயம் வழியாகவோ, மண்ணிலும் நீரிலும் வாழும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற கிருமி உடலுக்குள் போகிறது. சீனி வருத்தம் உள்ளவர்களை அது அதிகம் தாக்கும். நுரையீரல், ஈரல், மண்ணீரல் என்று போன இடமெல்லாம் சீழ்க்கட்டியாகும். சிலருக்குச் சில நாட்களிலேயே இரத்தம் முழுதும் பரவி உயிரைக் குடிக்கும். வேறு சிலருக்கோ மாதக்கணக்கில் இழுபட்டு, காசநோய் என்றே எண்ணவைக்கும்.

ரங்கூனில் அல்ஃபிரட் விற்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியும் 1912 இல் இந்நோயை முதன்முதலில் விவரித்தார்கள். இலங்கையில் முதல் நோயாளி பற்றிய பதிவு 1927 இல் வந்தது. அதன் பின் பல பத்தாண்டுகளுக்கு நோய் இங்கே இல்லாதது போலவே இருந்தது. உண்மையில் அது எங்கும் போய்விடவில்லை, தேடுவார்தான் இருக்கவில்லை. இந்த நூற்றாண்டில் இரத்த வளர்ப்புச் சோதனையும் ஆய்வுகூடப் பயிற்சியும் பெருகியபோது நாட்டின் பல பகுதிகளில் நோயாளிகள் கண்டறியப்பட்டனர். கிழக்கிலங்கை நோயாளிகளிடம் எடுத்த எட்டுக் கிருமி மாதிரிகளின் முழு மரபணுத் தொடர்களும் பின்னர் வெளியிடப்பட்டன.

சிக்கல் வாட்டில் தொடங்குகிறது. வயலிலிருந்து காய்ச்சலோடு வருபவரைக் கண்டால் எலிக்காய்ச்சல் என்று எண்ணி பெனிசிலின் தொடங்குவதில் நியாயம் உண்டு. நெஞ்சுச் சளி என்றால் செஃப்ட்ரியாக்சோன் எழுதுவதும் வழக்கம். ஆனால் மெலியோயிடோசிஸ் கிருமியைப் பெனிசிலின் ஒன்றும் செய்யாது, செஃப்ட்ரியாக்சோனையும் நம்பியிருக்க முடியாது. செஃப்டசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியே வேண்டும். ஆகவே முதல் ஊசி ஏறுமுன் வளர்ப்புப் போத்தலில் இரத்தம் எடுத்தார்களா என்ற சின்னக் கேள்வியில் ஓர் உயிர் தங்கியிருக்கலாம்.

ஆய்வுகூடத்திலும் கிருமி ஏமாற்றும். சூடோமோனாஸ் என்று தவறாகப் பெயர் பெறும், அல்லது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு என்று ஒதுக்கப்படும். இதைப் பிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மருந்து தோய்த்த மூன்று காகித வில்லைகள் போதும். ஜென்டாமைசின் வில்லையின் விளிம்புவரை கிருமி வளரும். மற்றெல்லாம் கைவிட்டபின் எடுக்கும் கொலிஸ்டினுக்கும் அசையாது. ஆனால் ஊரெங்கும் குளிசையாகக் கிடைக்கும் கோ-அமொக்சிக்ளாவைச் சுற்றி மட்டும் வளராமல் தெளிந்த வட்டம் விடும். இந்த முரணைக் கண்டதும் சந்தேகம் வரவேண்டும். வந்த உடனே வாட்டுக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும். எழுத்து அறிக்கை மெல்ல வந்து சேரட்டும் என்று விட இந்த நோய் அவகாசம் தராது.

மறுபுறம், மெரோபெனத்தைக் காய்ச்சல்காரர் எல்லோருக்கும் ஏற்றவும் முடியாது. வட்டையில் மேல் வயல் அளவுக்கு மிஞ்சித் தண்ணீர் எடுத்தால் கடைசி வயல் காயும் என்பது தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைக்குத் தெரியும். மருந்தும் அப்படித்தான். தேவையில்லாத இடத்தில் கொடுத்த மருந்து, இன்னொருவர் உடலிலுள்ள கிருமிக்கு அதைத் தாங்கும் பலத்தைத் தேடிக்கொடுக்கும். மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் 2019 இல் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் நேரடியாக இறந்தனர் என்பது மதிப்பீடு. அதனால்தான் இலங்கை அரச மருத்துவமனைகளில் சில மருந்துகள் 'சிவப்பு விளக்கு' மருந்துகளாக ஒதுக்கப்பட்டு, நுண்ணுயிரியல் நிபுணரின் இசைவோடு வழங்கப்படுகின்றன. நுண்ணுயிர் எதிர்ப்பிப் பயன்பாடு பற்றிய நுண்ணுயிரியலாளர் கல்லூரியின் தேசிய வழிகாட்டி 2016 இல் வந்தது. அடுத்து, மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்ள 2017 முதல் 2022 வரைக்கான தேசியத் திட்டம் வகுக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2017 முதல் நுண்ணுயிர் எதிர்ப்பிகளை எளிதில் தரக்கூடியவை, கவனத்துக்குரியவை, கடைசிக்கெனக் காக்கவேண்டியவை என்று மூன்றாகப் பிரிக்கிறது.

மருந்து நாட்களைக் குறைக்கச் சொல்வதே ஆளுகையின் பொதுவான குரல். மெலியோயிடோசிஸில் நிலைமை தலைகீழ். ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், ஆழமான கட்டி இருந்தால் நாலு வாரமோ அதற்கு மேலோ. அதன் பின் கோ-ட்ரைமொக்சசோல் குளிசை மூன்று மாதம். காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, வயலுக்குப் போகத் தெம்பும் வந்துவிட்ட ஒருவருக்கு இது பெருஞ்சுமை. குளிசை இலவசம் என்றாலும் படுவான்கரையின் உட்கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வர ஒரு நாள் கூலி போகும். இடையில் விட்டால் நோய் திரும்பலாம். நோயாளியின் அசட்டை என்று இதைத் தள்ளிவிடுவது அநீதி. தொலைவையும் கணக்கில் எடுத்தே ஆளுகை திட்டமிடவேண்டும்.

கையிலிருக்கும் கிளினிக் கொப்பியே அதற்கு உதவும். முதற் பக்கத்தில் நோயின் பெயர், குளிசை தொடங்கிய திகதி, முடியவேண்டிய திகதி மூன்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தால், ஊருக்குப் பக்கத்திலுள்ள சிறிய வைத்தியசாலையின் மருத்துவரே மிச்சக் குளிசையைத் தந்து, சீனியையும் பார்த்து அனுப்பிவிடலாம்.